நாலாம் காம்பு

தலைமன்னார்ப் பியர் என்ற கப்பல் துறையில் பயணிகளுக்கென்று அமிர்தநாயகம் என்பவர் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தினார். அங்கே நான் ஆறு ஆண்டும் நான்கு மாதமும் ஸ்ரோர் கிளாக்கராக இருந்தேன். அந்தக் கடைக்கு ஓர் ஆண்டு முழுவதும் பால் கொண்டு வந்தவர் சரிபுதீன். அவருக்கும் அவருடைய மனைவி பாத்தும்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. இருவருமே இப்போது இல்லை. அந்த ஆண்டில் நடந்ததை நாள் தவறாமல் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறேன்.

1924ஆம் ஆண்டின் கடைசியில் சரிபுதீனுக்கு வயது நாற்பத்தாறு. கட்டையான ஆள். ஒரு நாம்பன் காளை உதைத்ததில் இடது முழங்கால் சரியாக மடியாது. பியருக்கு இரண்டு மைல் தெற்கே வீடு. பாத்தும்மா சீதனமாகக் கொண்டு வந்த மூன்று பசுக்கள் பத்தொன்பது ஆண்டுகளில் பதினாறாகப் பெருகியிருந்தன. பிறகு அந்தப் பதினாறு பதினாலானது. எப்படி என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

மார்கழி, தை மாதங்களில் எங்கள் தீவெங்கும் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். எல்லார் வீட்டிலும் பால் இருக்கும். வாங்க ஆள் இராது. போத்தல் ஐந்து சதத்துக்கு இறங்கும். சில நாள் நாலு சதம். நெய்யாக உருக்கினால் நெய்க்கும் விலை இல்லை. வைகாசி பிறந்தால் புல் கருகிவிடும். பிறகு பால் இருபது, இருபத்தைந்து சதம் விற்கும். ஆனால் அந்த விலையைத் தீவிலுள்ள மாட்டுக்காரர் எவரும் கண்டதில்லை. ஆனி பிறக்கும் தறுவாயில் அவர்கள் கடல் வற்றும் நேரம் பார்த்து மாடுகளை அக்கரைக்கு நடத்தி, மூன்று நாள் நடையில் கட்டுக்கரைக் குளத்தடிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே குளத்து நீர் இறங்க இறங்கச் சேற்றில் புதுப்புல் முளைக்கும். அறுவடை முடிந்த வயல்களில் இரவில் மாடுகளை அடைப்பார்கள். எரு வயல்காரருக்கு, வைக்கோலும் ஒரு மூடை நெல்லும் மாட்டுக்காரருக்கு. சரிபுதீன் பதினொரு ஆண்டாகக் கதிர்காமு என்பவருடைய வயலில் மாடு அடைத்து வந்தார். ஐப்பசி மழையோடு எல்லாரும் திரும்பி வருவார்கள். பிறகு மறுபடியும் ஐந்து சதம்.

1923 தையிலும் 1924 தையிலும் அரிசி வாங்குவதற்காக அவர் ஆண்டுக்கொரு பசுவாக இரண்டு பசுக்களை விற்றார். இரண்டாவது தடவை பாத்தும்மா இரண்டு நாள் சமைக்கவில்லை.

ஆகவே அமிர்தநாயகம் ஆளனுப்பியபோது சரிபுதீன் அன்றைக்கே வந்தார். 1924 டிசம்பர் 29, திங்கட்கிழமை.

"வருசம் முழுக்கப் பன்னிரண்டு சதம்," என்றார் அமிர்தநாயகம். "ஊரில ஐஞ்சு சதம் வித்தாலும் நான் பன்னிரண்டு தருவன். இருவத்தைஞ்சு வித்தாலும் நீர் பன்னிரண்டுக்குத் தரவேணும். உமக்கும் தலையிடி இல்லை, எனக்கும் இல்லை."

"ஆனி மாசம் மாடு கட்டுக்கரைக்குப் போயிருமே, முதலாளி."

"இந்த முறை போகாமல் வைச்சிரும். கப்பல் ஆனி மாசத்திலயும் வருது."

சரிபுதீன் சிரித்தார். வாசலுக்கு வெளியே பார்த்தார். ரெயில் பாதையின் இரு பக்கமும் புல் பச்சையாக அசைந்துகொண்டிருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டுதான் அவர் ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறேன். மார்கழி மாதத்தில் நின்றுகொண்டு ஆடி மாதத்தை நினைப்பது மாட்டுக்காரருக்கும் இலகுவல்ல.

ஒப்பந்தத்தை எழுதியவன் நான். நாளொன்றுக்குப் பதினெட்டுப் போத்தல். காலை ஆறரைக்கு முன். தண்ணீர் கலவாத, காய்ச்சினால் திரையாத பால். குறைந்தால் வெளியே வாங்கி ஈடு செய்ய வேண்டும். ஈடு செய்யாவிட்டால் பதினாலு பசுக்களும் முதலாளிக்கு. பசுக்களின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினேன்: செவலை, மயிலை, கொம்பி, சுட்டி, பெரிய வெள்ளச்சி, சின்ன வெள்ளச்சி, இப்படிப் பதினாலு. அவர் அரபுத்தமிழ் எழுத்தில் ஒப்பம் வைத்தார். வெளியே வரும்போது என்னிடம் சொன்னார்:

"இனித் தை மாசம் ஒரு மாடும் விக்கத் தேவல்ல, கிளாக்கர். அது போதும் எனக்கு."

அவர் வேண்டியது அவ்வளவுதான். பதினாலு பதினாலாக இருக்க வேண்டும்.

தையும் மாசியும் அவருக்கு நல்ல மாதங்கள். ஊரார் ஐந்து சதத்துக்குக் கூவி விற்க, அவர் பன்னிரண்டு சதத்துக்கு அளந்து கொடுத்துவிட்டு எட்டு மணிக்கு முன் வீடு திரும்பினார். "சரிபுதீன் காக்காட மாடெல்லாம் கவுண்மேந்து மாடு. பென்சன் எடுக்குது," என்று, அண்ணன் முறைக்குக் காக்கா சேர்த்து, ரெயிலடியில் கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஒரு சோடிப் புதுச் செருப்பு வாங்கினார். பாத்தும்மாவுக்குச் சீத்தைத் துணி வாங்கினார்.

அந்த ஆண்டு மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு. முசலிக் கரையில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடிவிட்டார்கள் என்றும் பால் போத்தல் நாற்பது சதம் போகிறது என்றும் செய்தி வந்தது. வஸீர் என்ற பால் வியாபாரி ஊர் ஊராகப் போய் மாடுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தான். மார்ச் 9ஆம் திகதி காலை அவன் பியரடிக்கே வந்து, நான் பால் அளக்கும்போது சரிபுதீனுக்குப் பக்கத்தில் குந்தினான்.

"காக்கா, உங்கட பதினெட்டுப் போத்தலுக்கு இங்க ரெண்டு ரூவா சொச்சம். அங்க ஏழு ரூவா."

"எனக்கும் கணக்குத் தெரியும், தம்பி. நான் குடுத்திட்டன்."

"என்னத்தக் குடுத்தீங்க? பாலைத்தானே?"

"சொல்லைக் குடுத்திட்டன்."

"அப்ப சொல்லைக் கறந்து குடிங்கோ," என்று எழுந்து போனான் வஸீர். ஊரிலிருந்து ஒன்பது பேர் அவனோடு மாடு கொண்டு போனார்கள். ஏப்ரல் முடிவில் திரும்பி வந்தவர்களில் இருவர் வீட்டுக்கு ஓடு போட்டார்கள்.

சரிபுதீன் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. பதினாலும் நின்றன. பன்னிரண்டு கறவை, பன்னிரண்டு கன்று.

ஜூன் 8ஆம் திகதி ஊர் மாடுகள் கட்டுக்கரைக்குப் புறப்பட்டன. அன்று பால் கொண்டு வந்த சரிபுதீன், செவலை விடியற்காலையிலிருந்து கத்துகிறது என்றார். மற்ற மாடுகள் நடக்கும் சத்தம் கேட்டு அதுவும் கயிற்றை இழுத்ததாம். "அதுக்கு ஒப்பந்தம் தெரியாதுதானே," என்றார்.

நாலு நாள் கழித்துக் கதிர்காமு வந்தார். மாடுகளோடு சரிபுதீன் வராததைக் கண்டு, என்ன ஏதென்று பார்க்க ரெயிலேறி வந்திருந்தார். விபரம் கேட்டதும் தலையில் கை வைத்தார்.

"காக்கா, நீங்கள் என்ன வேலை பார்த்தனீங்கள்? இந்த மணலில மாடு எதைத் தின்னும்? கூட்டிக்கொண்டு வாங்கோ. பாலை அங்கயிருந்து ரெயிலில அனுப்புவம்."

அதைச் செய்து பார்த்தோம். மாடுகளைக் கொண்டுபோகும் முன் கதிர்காமு தன் வீட்டுப் பாலையே மூன்று நாள் அனுப்பிப் பார்ப்பதென்று பேச்சு. முன்னிரவில் கறந்து, வண்டியில் ஸ்ரேசனுக்குக் கொண்டு வந்து, இரவு மெயிலில் ஏற்றினார். ஜூன் 15, 16, 17. பாலில் தண்ணீர் கலந்திருந்தால் காட்டும் கண்ணாடி மானியில் மூன்று நாளும் குறை இல்லை. ஆனால் காய்ச்சினால் முதல் நாளும் மூன்றாம் நாளும் திரைந்துவிட்டது. திரைந்த பாலை நான் திருப்பினேன். அந்த மூன்று நாளும் சரிபுதீன் தன் பதினெட்டுப் போத்தலையும் வழக்கம்போல அளந்துவிட்டு அடுப்பின் பக்கத்திலேயே நின்றார். மூன்றாம் நாள் பால் கட்டி கட்டியாகப் பிரிந்தபோது, "சரி. இங்கயே பாப்பம்," என்றார்.

தீவில் அந்த ஆண்டு ஏப்ரலுக்குப் பின் மழை இல்லை. பனையோலையைக் கிழித்துப் போட்டார். உடைமரத்து நெற்றுப் பொறுக்கினார். பூவரசங்குழை வெட்டிச் சுமந்தார். கிணற்றுத் தண்ணீர் உவர்த்தது. புண்ணாக்கு வாங்கினால் பன்னிரண்டு சதத்தில் பாதி புண்ணாக்குக்கே போனது. ஜூலை 20இல் பதினாலு போத்தலாகக் குறைந்தது, 27இல் பதின்மூன்று. மிச்சத்தை அவர் வீட்டுத் தேவைக்கு ஒற்றை மாடு நிறுத்தி வைத்திருந்தவர்களிடம் இருபத்துநாலு சதத்துக்கு வாங்கிக் கலந்தார்.

ஆகஸ்ட் 3ஆம் திகதி பால் பதினெட்டாக வந்தது. வாங்கிய பாலில்லை, எல்லாம் தன் மாட்டுப் பால் என்றார். மானியும் நன்றாகக் காட்டியது. "கூடியிருக்கே, நல்லது," என்றேன். அவர் பாத்திரத்தைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டு போனார். எங்கிருந்து கூடியது என்று நான் கேட்கவில்லை. மழை இல்லை, புல் இல்லை, புதிதாகக் கன்று போட்ட மாடும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை.

இங்கே அந்தக் கரை மாட்டுக்காரரின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்கள் பசுவின் மூன்று காம்புகளில்தான் கறப்பார்கள். கறப்பவர் குந்தியிருக்கும் பக்கத்துக்கு அப்பால் உள்ள பின்காம்பு கன்றுக்கு. அதில் கை வைப்பதில்லை. கன்று முதலில் வாய் வைத்தால்தான் அந்த மாடுகளுக்குப் பால் இறங்கும். இறங்கியதும் கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கறந்து, பிறகு நாலாம் காம்புக்கு அதை அவிழ்த்து விடுவார்கள். பஞ்ச காலத்தில் கன்றுக்கு இரண்டு காம்பு விடுவார்களே தவிர, ஒன்றையும் குறைப்பதில்லை.

பிணையாக எழுதிய மாடுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் போய்ப் பார்த்துவர வேண்டும் என்பது முதலாளியின் ஏற்பாடு. ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை பின்னேரம் போனேன். மாடுகள் பதினாலும் நின்றன. விலா எலும்பை எண்ணலாம். வேலியோரம் பாத்தும்மா நிலத்தில் இருந்தார். பக்கத்தில் சுட்டியின் கன்று செத்துக் கிடந்தது. ஈக்களை முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். சரிபுதீன் சற்றுத் தள்ளி நின்றார். நான் வந்ததை இருவரும் கண்டும் பேச்சை நிறுத்தவில்லை.

"எத்தின நாளா?" என்று கேட்டார் பாத்தும்மா.

அவர் மாடுகளின் பக்கம் திரும்பினார்.

"நான் பாக்கல்ல எண்டு நினைச்சீங்களா? காம்பு நாலும் ஒரே மாதிரித் தொங்குது. எத்தின நாள்?"

"பதினைஞ்சு."

"கன்டுக்கு என்ன குடுத்தீங்க?"

"கஞ்சித் தண்ணி."

"அது பால்குடி. கஞ்சித் தண்ணியில உசிர் நிக்குமா?"

"பதினெட்டுப் போத்தல் வேணும், பாத்தும்மா. இல்லையெண்டா மாடு போயிரும்."

"மாடு போயிரும் எண்டுதான் கன்டைக் கொண்டீங்களா?"

சரிபுதீன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். நான் என் கடமைக்கு மாடுகளை எண்ணினேன். பாத்தும்மா என்னைப் பார்த்து, "இருங்கோ தம்பி, தேத்தண்ணி ஊத்துறன்," என்று எழுந்தார். நான் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அன்றைய அறிக்கையில் 'பதினாலு பசுக்கள், மெலிவு' என்று எழுதினேன். பட்டியலில் கன்றுகள் இல்லாததால் கன்றைப் பற்றி எழுதவில்லை.

அதற்குப் பிறகு அவர் நாலாம் காம்பைத் தொடவில்லை. ஆனால் கன்றுகள் ஏற்கெனவே தளர்ந்து போயிருந்தன. செப்டம்பர் 20க்குள் ஏழு செத்தன. கன்று போன மாடு பாலை இறக்காது. செவலையின் கன்று செத்தபோது அதன் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, கால் கட்டித் தாயின் முன் நிறுத்திப் பார்த்தார். அப்படிச் செய்வது சில இடங்களில் உண்டு. செவலை அதை நக்கியது. ஐந்து நாள் பால் இறக்கியது. ஆறாம் நாள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பாத்தும்மா அந்த ஐந்து நாளும் தொழுவத்துப் பக்கம் போகவில்லை. "செத்த பிள்ளையக் காட்டித் தாய ஏமாத்துற பால்," என்று மட்டும் சொன்னாராம். இதை என்னிடம் சொன்னவர் சரிபுதீன்தான்.

இனிப் பாலில் பெரும்பகுதியை வெளியே வாங்க வேண்டும். போத்தல் இருபத்தெட்டுச் சதம். அந்தக் காசுக்கு மாட்டை விற்றார். வற்றிய மாட்டுக்கு நல்ல விலை கிடைக்காது. அதுவும் மெலிந்த மாடு. பிணையிலுள்ள மாட்டை விற்க முதலாளியின் சம்மதம் வேண்டும். அமிர்தநாயகம் ஒவ்வொரு தடவையும் சம்மதித்தார். பால் வந்தால் சரி என்றார். சரிபுதீன் காலையில் பால் அளந்து முடிந்ததும், "கிளாக்கர், மயிலையை வெட்டுங்கோ," என்பார். நான் பட்டியலில் அந்தப் பெயரை வெட்டுவேன். செப்டம்பரில் நாலு. ஒக்டோபரில் ஐந்து. நவம்பரில் இரண்டு. பெரிய வெள்ளச்சியின் பெயரை வெட்டும்போது, "மெதுவா," என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. பேனா நிப்பு தாளைக் கிழித்திருக்கலாம்.

ஒக்டோபர் 29இல் மழை தொடங்கியது. ஒரு கிழமையில் ஊர் மாடுகள் கட்டுக்கரையிலிருந்து மினுமினுப்பாகத் திரும்பி வந்தன. கன்றுகள் துள்ளிக்கொண்டு முன்னால் ஓடின. மார்கழியில் பால் ஆறு சதத்துக்கு இறங்கிவிட்டது. மூன்று மாடுகளோடு இருந்த சரிபுதீன் அயலில் ஆறு சதத்துக்கு வாங்கிப் பன்னிரண்டு சதத்துக்கு எங்களுக்குக் கொடுத்தார்.

"இப்பத்தான் லாபம், கிளாக்கர்," என்றார் ஒரு நாள். "மாடு இல்லாட்டித்தான் பால் வியாபாரம் சரிவரும்போல."

டிசம்பர் 31, வியாழக்கிழமை. ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் கடைசிப் பதினெட்டுப் போத்தலை அளந்தேன். முந்நூற்று அறுபத்தைந்து நாளில் ஒரு நாளும் அவர் ஒரு போத்தலும் குறைக்கவில்லை. ஆறரைக்குப் பிந்தியதும் இல்லை. அதை நான் முதலாளியிடம் சொன்னேன். அமிர்தநாயகம் சந்தோசப்பட்டு அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னார். சரிபுதீன் நின்றார்.

"உம்மைப் போல ஆளை நான் காணேல்லை. ஆனா வாற வருசத்துக்குப் பால் வேண்டாம். தகரத்தில வாற ரின்பாலுக்கு மாறுறன். திரையாது, விலையும் ஒரே விலை."

"நல்லது, முதலாளி."

"மாடெல்லாம் வித்துப் போட்டீராம். ஏனப்பா? ஆனி, ஆடியில வந்து, ஒரு நாலு மாசம் பொறுங்கோ எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நான் விட்டிருப்பன். ஸ்ரோரில ரின்பால் கிடந்ததுதானே."

சரிபுதீன் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

"வருசம் முழுக்க எண்டு எழுதினதுதானே, முதலாளி," என்றார்.

ஆகஸ்ட் மாதத்தில் ஸ்ரோரில் முப்பத்தொரு பெட்டி ரின்பால் இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. கேட்டுப் பாருங்கள் என்று நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கேட்பதற்கு வழி உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவில்லை. எழுதாத ஒன்று எனக்கு நினைவில் வருவதில்லை. அவருக்கோ, கொடுத்த சொல்லில் தவணை கேட்பது வெட்கம். இருவருக்கும் நடுவில் பதினொரு மாடு போனது.

மீதி மூன்றையும் 1926 தை பிறக்கும் முன்னரே கதிர்காமுவிடம் வாரத்துக்கு விட்டார். வளர்ப்பவருக்குப் பாதி, உடையவருக்குப் பாதி என்பது வாரம். அவர் பிறகு பேசாலையில் கருவாட்டு வாடி ஒன்றில் நாட்கூலிக்கு நின்றார். பாத்தும்மா பாய் இழைத்தார். மூன்று ஆண்டு கழித்து, 1929 பெப்ரவரியில், பங்குக்கு வந்த, இன்னும் கன்று போடாத ஒரு நாகு மாட்டைக் கதிர்காமு தானே கொண்டு வந்து அவர்கள் வீட்டில் கட்டிவிட்டுப் போனார். நல்ல நாகு, சினையாகி ஐந்து மாதம். நான் அதைப் போய்ப் பார்த்தேன். பாத்தும்மா அதற்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அன்று தெளிவாக இருந்தது.

பத்தாம் நாள் காலை சரிபுதீன் அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பாதையால் போவதைக் கண்டேன். எங்கே என்று கேட்டேன்.

"கதிர்காமுட்டத் திருப்பிக் குடுக்கப் போறன்."

"ஏன் காக்கா? தீனி இல்லையா?"

"தீனி இருக்கு. பாத்தும்மாவும் கொண்டுபோகாதீங்க எண்டுதான் சொல்லுறா."

நானும் சிறிது தூரம் கூட நடந்தேன். நாகு வழியோரப் புல்லை எட்டிக் கடித்தது. அது கடித்து முடியும்வரை அவர் நின்றார்.

"கன்டு போட்டா எனக்குப் பயமா இருக்கு, கிளாக்கர்," என்றார். பிறகு அக்கரைக்குப் போகும் பாதையில் திரும்பினார். கடல் வற்றுவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.